வலக்கையில் கட்டிய நாடி

ஓய்வில் இருக்கும்போது தனபாலின் இதயம் நிமிடத்துக்கு நாற்பத்து மூன்று தடவைதான் துடிக்கிறது என்று கம்பெனியில் ஆரோக்கியப் போட்டியை நடத்துகிற ஷைனி மைக்கில் சொன்னாள், நானூறு பேர் கைதட்டினார்கள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வஞ்சிக்கொடியும் தட்டினாள். தட்டும்போதே தன் வலது மணிக்கட்டு அவள் கண்ணில் பட்டது. ரப்பர் பட்டை பதிந்து பதிந்து அந்த இடம் வெளுத்து ஊறிப்போய், தண்ணீரில் கிடந்த இட்லி மாதிரி இருந்தது. ஓரத்தில் படை வந்ததுபோலச் சிவப்பு. இடது கையில் அவளுடைய சொந்தக் கடிகாரம் இருக்கிறது, அதற்கு நாடி பார்க்கத் தெரியும், அதிலும் இன்று நாற்பத்து மூன்றுதான். வலது கையில் ஒன்பது மாதமாகக் கிடந்தது அவனுடையது. ஆக மேடையில் பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறானே, அவன் பெயரில் கைதட்டல் வாங்குகிற இதயம் இங்கே, ரெக்சின் நாற்காலியில் சேலை ஒட்டிக்கொள்ள, தன்னுடைய துடிப்புக்குத் தானே கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூ என்று இருந்தது அவளுக்கு. அரங்கில் மல்லிகை வாசனை என்று பேர்போட்ட எதையோ அடித்திருந்தார்கள். ஆண்கள் எல்லாருக்கும் கிளிப்பச்சையில் ஒரே மாதிரி டி-ஷர்ட். புதுப் பாலியஸ்டரும் பழைய அக்குளும் அந்தப் பொய் மல்லிகையும் ஏ.சி. காற்றில் சுற்றிச் சுற்றி வந்து அவள் மூக்குக்கு மட்டும் தனியாகப் பரிமாறுகிற மாதிரி இருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்கு அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டிருக்கிறாள். ஆறு மணி வரைக்கும் எதுவும் ஆகக்கூடாது. எதுவும் ஆகாது. ஆகாமல் இருக்க வேண்டும்.

எங்கே தொடங்கிற்று என்று நினைத்துப் பார்த்தால் ஒரு சின்னச் சிரிப்பில்தான் போய் நிற்கிறது. புத்தாண்டுக்கு இந்த மோட்டார் பம்பு கம்பெனியில் வேலைசெய்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கடிகாரம் கொடுத்தார்கள். நடந்த அடி, தூங்கின நேரம், நாடி எல்லாவற்றையும் அது எண்ணும், எண்ணினதைக் கம்பெனிக்கு அனுப்பும், ஒன்பது மாதம் கழித்து முதலில் வந்தவருக்கு ஆரோக்கியத் திலகம் என்று பட்டம். கொள்முதல் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நாற்காலி தேய்க்கிற தனபால் முதல் வாரம் மட்டும் நடந்தான். இரண்டாம் வாரம் அவள் விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது, கையில் கடிகாரம். "அம்மணி, நீ எப்படியும் ஓடத்தான போற. என்னுதையும் ஒரு கையில கட்டிக்கோ. உனக்கென்ன கனமா?" "கள்ளத்தனமுங்க மாமா அது." "கள்ளமென்ன கள்ளம். ரேஷன் கார்டுல ஒண்ணாத்தான இருக்கறோம்." சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான். ஒட்டகத்துக்குத் தலை நுழைய இடம் கொடுத்த கதை அவளுக்குத் தெரியாததா என்ன, மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள், மழை வந்து மைதானத்துக்குப் போக முடியாத பீரியடில் அவளே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ரேஸ்கோர்ஸைச் சுற்றி நாலு சுற்று, பத்து கிலோமீட்டர், இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினாள். ஒரு கை அவளுக்கு, ஒரு கை அவனுக்கு. அப்புறம் ஷைனியிடமிருந்து கடிதம் வந்தது, ஓய்வு நாடி குறைவாக இருப்பவர்களுக்கு இரட்டிப்புப் புள்ளி என்று. அந்தக் கடிகாரம் ஓய்வு நாடியைத் தூக்கத்தில்தான் எடுக்கும். ஆகவே தூங்கும்போதும் அவள் கையில்தான். படுத்தால் இரண்டு கையிலும் விலங்கு. புரண்டால் பட்டைக்கு அடியில் அந்தப் பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரிவது தெரியும். வெயிலில் செத்த எலிமேல் வந்து உட்காருமே பச்சை ஈ, அது. அதே பச்சை. தன் கைமேல் அது உட்கார்ந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தன் வாயில் ஊட்டுகிறது என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பழைய பல் பிரஷை எடுத்துப் பட்டையைத் தேய்த்துக் கழுவுவாள். கறுப்பாகக் களிம்பு வரும். விரலில் உருட்டினால் திரி மாதிரி திரளும். பகலில் அவன் வேர்வை, மற்ற நேரம் அவள் வேர்வை, இதில் யார் தோல் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. பதினேழு வருஷம் கல்யாணமாகி அவர்கள் இருவரும் இவ்வளவு நெருக்கமாக ஒன்றாகக் கலந்தது அந்தக் களிம்பில்தான் என்று ஒருநாள் நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் பிரஷைக் குப்பையில் போட்டாள்.

"வஞ்சிக்கா, சமோசா எடுத்துக்கங்க, ஆறிப்போச்சு, ஆனாலும் கம்பெனி சமோசா," என்று பக்கத்து நாற்காலி கலாமணி தட்டை நீட்டினாள். கலாமணியின் புருஷன் ஸ்டோர்ஸில் இருக்கிறான். எண்ணெய் காகிதத்தில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வஞ்சிக்கொடி வேண்டாமென்றாள். "அதான, நீங்க எங்க திங்கப்போறீங்க. நாடியை நாப்பத்தி மூணுல வெச்சிருக்கற குடும்பம். எங்கூட்டுக்காரருக்கு எத்தனைங்கறீங்க, எண்பத்தொம்போது. உக்காந்து மிக்சர் திங்கறதுக்கே எண்பத்தொம்போது. நாய் கழுத்துல கட்டி உட்டாருங்கக்கா. நாய் ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. மூணாம் நாள் கடிகாரத்தை எங்கியோ உரசித் தொலைச்சுப்போட்டு வந்து நிக்குது. நாயாலயே முடியலைன்னா பாத்துக்கங்க." கலாமணி தன் பேச்சுக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள். சமோசாத் துணுக்கு ஒன்று அவள் உதட்டோரம் ஒட்டிக்கொண்டு சிரிப்போடு சேர்ந்து ஆடியது. வஞ்சிக்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய்க்குக் கட்டினவன் யோக்கியன். நாய் திருப்பிக் கொண்டுவரவில்லை. நான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தேன், கழுவித் துடைத்து, சார்ஜ் போட்டு. அது மட்டுமா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கம்பெனியில் பட்டியல் போடுவார்கள். முதல் தடவை அவன் பெயர் மேலே வந்தபோது கூச்சமாக இருந்தது. அடுத்த வாரம் அவளே அவன் போனை எடுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் போன் செய்து, "என்னங்க, வந்துருச்சா?" என்று கேட்கத் தொடங்கினாள். இத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தனுக்கும் இல்லாத இதயம். வேறு பெயரில் என்றாலும் என்ன, பட்டியலில் முதலில் இருப்பது நான்தானே. இதைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. அவன் ஒருவன் மட்டும் ஏமாற்றினான் என்றால் கோபப்பட்டு முடித்துவிடலாம். எச்சில் இலையில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டவள் யாரைக் கோபிப்பது.

மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். உடலினை உறுதி செய், மனதினை உறுதி செய் என்று யாரோ திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதே நாற்பத்து மூன்று முதன்முதலில் அவளுடைய பெயரில் வந்த நாளை அவள் நினைத்தாள். மூன்று வருஷம் முந்தி, சொந்தக் காசில் வாங்கிய கடிகாரத்தில் பார்த்துவிட்டு அவள் ஆசையாகச் சொன்னாள், சாப்பாட்டு மேசையில், கொழுந்தன் வந்திருந்த நேரம். "நாப்பத்தி மூணா? பொம்பளைக்கு அவ்வளவு கம்மியா இருந்தா ரத்தம் இல்லைன்னு அர்த்தமுங்க அண்ணி. இரும்புச்சத்து மாத்திரை சாப்புடுங்க," என்றான் கொழுந்தன். "நான் அப்பவே சொன்னேன், வயசு நாப்பதாகப்போகுது, காலைல எந்திரிச்சுப் பேய் மாதிரி ஓடாதன்னு. கேட்டாத்தான?" என்றான் தனபால். அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அக்கறைதான், இல்லையென்று சொல்ல முடியாது. படுக்கவைத்து மார்பில் ஒட்டி, காலில் கவ்வி, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அந்தச் சின்னப் பெண் டாக்டர் சிரித்தாள். ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் மேடம், உங்கள் இதயம் ஒரு தடவை அமுக்கினாலே மற்றவர்களுக்கு ஒன்றரைத் தடவை அமுக்குகிற ரத்தம் போய்விடுகிறது, அவசரப்பட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, தலைசுற்றல் மயக்கம் இல்லாதவரைக்கும் கவலையே வேண்டாம் என்றாள். அவசரப்பட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அந்தச் சொல்லை அவள் பல நாள் வாய்க்குள் கல்கண்டு மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரும்பு மாத்திரை வந்தது, ஒரு மாதம் வெளிக்குக் கறுப்பாகப் போனது. இப்போது அதே எண் அவன் கையில் ஏறினதும் குதிரை இதயம், வீரர் இதயம், ஆரோக்கியத் திலகம். என் உடம்பில் நோய், அவன் உடம்பில் நகை. ஒரே எண். அவளுக்குத் தொண்டையில் இரும்பு மாத்திரையின் ருசி வந்தது.

சரி, அது கிடக்கட்டும். தாடை. அவள் நினைப்பு எந்தத் திசையில் ஓடினாலும் சுற்றி வந்து கால் இடறுகிற கல் அதுதான். அவர்கள் குடியிருப்பில் லிப்ட் கிடையாது, மூன்றாவது மாடி. போன மாதம் தொடங்கி அவன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கிறான். போனை எடுத்துப் பார்க்கிறான். முக்கியமான செய்தி வந்ததுபோல நெற்றியைச் சுருக்குகிறான். ஒருநாள் பின்னால் காய்கறிப் பையோடு ஏறி வந்தவள் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள், போன் திரை இருட்டாக இருந்தது. இருட்டுத் திரையைப் படித்துக்கொண்டு நின்றான். "பல்லு வலி," என்றான் கேட்டதற்கு. இடது தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று கம்பெனி டாக்டர் பிரான்சிஸிடம் ஒரு செவ்வாய்க்கிழமை போனான். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் கடிகாரத்தின் கணக்கைப் பார்த்தாராம். நாற்பத்து மூன்று வைத்துக்கொண்டு என்னிடம் எதற்கு வந்தீர்கள் தனபால், எனக்கே நாடி எழுபத்தெட்டு, வாயுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரித்து, பெருங்காயம் போட்டு மோர் கலக்கிக் கொடுத்தாள். என் நாடியைப் பார்த்து அவனுக்கு வைத்தியம். பிள்ளைகளுக்குக் கழுத்தில் விரல் வைத்து நாடி எண்ணச் சொல்லிக்கொடுக்கிறவள், ஏறினால் வலி, நின்றால் இல்லை என்றால் அது பல்லாக இருக்காது என்று தெரிந்திருக்க வேண்டியவள், மோர் கலக்கினாள். போன ஞாயிற்றுக்கிழமை கேஸ் சிலிண்டரை உருட்டிவிட்டு அவன் சுவரில் சாய்ந்து நின்றபோது அவன் முகத்தில் சாம்பல் பூத்திருந்தது. அப்போதுதான் வாய் திறந்தாள். "மாமா, வாங்க, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்துரலாமுங்க." "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு அம்மணி. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா இன்சூரன்ஸ் வழியா கம்பெனிக்குத்தான் பேப்பர் போகும். ஷைனி பாத்தா என்னாகறது. விழா முடிஞ்ச கையோட போயிரலாம். உனக்காக எடுத்துக்கறேன், எனக்கு ஒண்ணுமில்ல." அஞ்சு நாள். சரி என்றாள். அவன் கேட்டதைவிட அவள் சரி என்று சொன்ன வேகம் இருக்கிறதே, அதுதான் அவளை இப்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வைத்தது. இன்றைக்கு வெள்ளி. ஆறு மணிக்கு டோக்கன்.

"இனி நம்மளோட கடைசி ஐட்டம்," என்றாள் ஷைனி. பாலக்காட்டுப் பெண், துறுதுறுவென்று இருப்பாள், நல்லது செய்வதாக முழுசாக நம்புகிறவள், அவளைக் கோபிக்கவும் முடியாது. "ஒரு சின்ன சர்ப்ரைஸ். சேர்மன் சாருக்கு வயசு அறுபத்தி மூணு. ஆனா நம்ம சார் டெய்லி லிப்ட் எடுக்க மாட்டார். இன்னிக்கு நம்ம திலகமும் சேர்மன் சாரும் சேர்ந்து, இந்தக் கட்டிடத்தோட ஒன்பது மாடியும் படியில ஏறப்போறாங்க. யார் முதல்ல மொட்டைமாடிக்குப் போறாங்கன்னு பார்க்கலாம். தனபால் சாரோட நாடி லைவா ஸ்கிரீன்ல வரும்." ஒன்பது மாடி. விசில் அடித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர் பிரான்சிஸ்கூடச் சிரித்துக்கொண்டே கைதட்டினார். வஞ்சிக்கொடிக்கு இரண்டு மாடி என்பது தெரியும், இரண்டாவது திருப்பம், இருட்டுத் திரை. ஒன்பதில் எத்தனை இருட்டுத் திரை. திரையில் பச்சைக் கோடு ஒன்று துள்ள ஆரம்பித்து, கீழே எண் விழுந்தது: நூற்றுப் பதினாறு. அவன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். நூற்றுப் பதினாறு. கூட்டம் ஒரு நொடி யோசித்தது. "பாருங்க, நம்ம சாருக்கு மேடைன்னா பயம்," என்று ஷைனி அழகாக எடுத்துக்கொடுத்தாள், கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. "படி ஏறுனா சரியாயிருமுங்க," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். தனபாலின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக, ஏ.சி.யில் அவ்வளவு வேர்வை, புழுக்கத்தில் வைத்த நெய் மாதிரி. சிரித்துக்கொண்டிருந்தான். பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் தாடைக்குக் கொண்டுபோய், பாதியில் நினைவு வந்து, காதைச் சொறிவதுபோல் மாற்றிக்கொண்டான். அதை நானூறு பேரில் அவள் ஒருத்திதான் பார்த்தாள். பார்த்தவள் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தாள். எழுந்திரு. எழுந்தால் என்ன சொல்வது. முடியாது என்று அவனே சொல்லட்டும், பெரிய ஆம்பிளை, வாய் இருக்கிறது. சொல்ல மாட்டான். பத்தொன்பது வருஷத்தில் சேர்மன் அவன் தோளில் கைபோட்டது இன்றைக்குத்தான். அந்தக் கை தோளில் இருக்கும்வரைக்கும் செத்தாலும் சொல்ல மாட்டான். செத்தாலும். அந்தச் சொல் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மயக்கம் வருகிறது என்று நானே விழுந்துவிட்டால் என்ன, நாடகம்தானே, ஒன்பது மாதமாக ஆடுவதுதானே, இன்னொரு காட்சி. விழுந்தால் எல்லாரும் ஓடிவருவார்கள், அவனும் வருவான், படி ஏறுவது நின்றுபோகும், மானமும் தப்பும். நல்ல யோசனை. நல்ல யோசனைதான் என்று மனசு அதைத் தடவிப் பார்த்தது, அப்புறம் அந்த மனசின்மேலேயே அவளுக்கு ஓங்கரித்தது. இந்த நேரத்திலும் மானத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறதே. இவளை எந்தத் தண்ணீரில் போட்டுக் கழுவுவது.

"சாரோட சீக்ரெட் என்னன்னு கேட்டுட்டு அனுப்பலாமா? மேடம், மேல வாங்க. ரெண்டு வார்த்தை," என்றாள் ஷைனி. கலாமணி அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள், "போங்கக்கா, கூச்சப்படாதீங்க." நடந்தாள். மேடையின் நாலு படியும் ஏறினாள். கிட்டத்தில் போனதும் அவன்மேல் சென்ட் வாசனையும் அதற்கடியில் வேறொரு வாசனையும், பயந்த மனுஷனின் புளித்த வாசனை, அடித்தது. அவன் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. எதைக் கெஞ்சுகிறான், சொல்லாதே என்றா, சொல்லிவிடு என்றா. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தது, அவளால் பிரிக்க முடியவில்லை. மைக் ஈரமாக இருந்தது, அவளுக்கு முன்னால் பேசினவர்களின் எச்சில். "அந்த நாப்பத்தி மூணு என்னுதுங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் நானூறு பேருக்கும் கேட்டது. அப்புறம் சேர்மன் முழு வாயையும் திறந்து சிரித்தார். "அப்போ எங்க தனபாலோட இதயம் உங்ககிட்டதான் இருக்குன்றீங்க. பாத்துக்கய்யா தனபால்." அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு, கைதட்டல், விசில். ஷைனி இரண்டு கையையும் சேர்த்து இதயம் மாதிரி வளைத்துக் காட்டினாள். தனபாலும் சிரித்தான். தப்பித்துவிட்டோம் என்கிற சிரிப்பு அது, வெண்ணெய் மாதிரி வழிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குள் மீதி இருந்த வெட்கமும் அறுந்து விழுந்தது. சொன்னால்கூட நம்ப மாட்டார்கள். உண்மையைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அதையும் இனிப்பென்று தின்கிற கூட்டம். மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முன்வரிசையைப் பார்த்து, மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள். "வெளையாட்டில்லீங்க டாக்டர். கடிகாரத்தைக் கட்டிட்டு ஓடினதும் நானு, தூங்கினதும் நானு. இவரு ஒருநாள்கூட ஓடலை. இவருக்கு மாடி ஏறினா இடது தாடை வலிக்குது. நெஞ்சு அடைக்குது. நின்னா போயிருது."

சிரிப்பு பின்வரிசைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே இரண்டாம் முறை சொன்னது போய்ச் சேரவில்லை. முன்வரிசையில் டாக்டர் பிரான்சிஸ் எழுந்துவிட்டார். நின்றால் போய்விடுகிறது என்ற சொல்லில்தான் அவர் முகம் மாறியது. மடியில் இருந்த சமோசாத் தட்டு கவிழ்ந்ததை அவர் பார்க்கவில்லை. படியில் ஏறாமல் மேடை விளிம்பில் கையூன்றி, அந்த வயசிலும், ஏறி வந்தார். சேர்மனின் கை தனபாலின் தோளிலிருந்து, சூடு பட்டது மாதிரி விலகியது. "உக்காருங்க. நாற்காலி வேண்டாம், கீழயே உக்காருங்க. சாஞ்சுக்கங்க. ஷைனி, அந்த ஸ்கிரீனை அணைங்கம்மா. ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க, லிப்டை இங்க நிறுத்தி வைக்கச் சொல்லுங்க." தனபால் மேடைத் திரைக்குக் கீழே, பூங்கொத்துக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்தான். டாக்டர் அவன் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். அவன் மென்றான். வாயோரத்தில் வெள்ளையாக மாவு வழிந்தது. "இப்ப வலிக்குதா?" தலையாட்டினான். "உக்காந்திருக்கும்போதும் வருதா?" "ரெண்டு நாளா வருதுங்க." "மொத்தம் எத்தனை நாளா இருக்கு?" வஞ்சிக்கொடி ஒரு மாதம் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான். "இருபத்தேழு நாளாச்சுங்க." நாள் கணக்குச் சொன்னான். ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்கிறான், அவளுக்குத் தெரியாமல், பக்கத்தில் படுத்துக்கொண்டு. "ராத்திரியில இந்தக் கடிகாரம் உங்க கையில இருந்ததில்லைன்னு என்கிட்ட வந்தப்பவே சொல்லியிருக்கலாமே தனபால்," என்றார் டாக்டர். அவர் குரலில் அதட்டல் இல்லை, அவருக்கும் அவர்மேலேயே குமட்டுகிற குரல் அது. தனபால் மாத்திரையின் மிச்சத்தை விழுங்கினான். "அது தெரியுங்க டாக்டர். அம்மணியோடதுன்னு தெரியும். ஆனா காலைல எந்திரிச்சதும் போனை எடுத்துப் பாப்பனுங்க. எம்பேரு போட்டு, கீழ நாப்பத்தி மூணுன்னு இருக்கும். அதைப் பாத்தா வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்குமுங்க."

கிளிப்பச்சைச் சட்டைகள் மேடையைச் சுற்றி வந்து நின்று எட்டிப் பார்த்தன, வேர்வையும் சமோசாவும் பொய் மல்லிகையும் அவர்கள்மேல் குனிந்தன. ஒருத்தன் போனை உயர்த்திப் படம் எடுத்தான், கலாமணி அவன் கையைத் தட்டிவிட்டாள். காற்று விடுங்க, இறுக்கமா எதுவும் இருந்தாத் தளர்த்துங்க என்று டாக்டர் சொன்னார். வஞ்சிக்கொடி அவன் காலடியில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். இரட்டை முடிச்சு, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. இடது ஷூவை இழுத்துக் கழற்றினாள். விழாவுக்காக வாங்கினது. திருப்பிப் பார்த்தாள், அடியில் ஒரு பொட்டு மண் இல்லை.